அத்தஹிய்யாத்து இருப்பும் நமது முழங்காலும்



தொழுகையின் பர்ளுகளையும் ஸுன்னத்துகளையும் நம்மில் பெரும்பாலோர் மதரஸாவில் பாய்மேல் வரிசையாக உட்கார்ந்து, லெப்பையவர்களின் பிரம்புக்கு அஞ்சி மனனம் செய்தவர்கள். நிலை, ருகூஉ, ஸுஜூது, இருப்பு என்று வாய்ப்பாடு போல ஒப்பித்தோம். அந்த வயதில் உடம்பு ஒரு சுமையாகத் தோன்றவில்லை. உட்கார் என்றால் உட்கார்ந்தோம். எழு என்றால் எழுந்தோம். இருப்புக்கென்று தனியாக ஒரு பாடம் தேவைப்படும் என்று ஓதிக்கொடுத்தவர்களும் எண்ணவில்லை, ஓதிய நாமும் எண்ணவில்லை.

இன்று ஜும்ஆவுக்குப் போனால் ஸஃப்புகளின் ஓரத்தில் நாற்காலிகள் கூடிக்கொண்டே வருகின்றன. அவற்றில் அமர்ந்திருப்போரில் வயோதிகர் உண்டு, மூட்டில் ஆபரேஷன் செய்துகொண்டவர் உண்டு. அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் நாற்பதும் ஐம்பதும் வயதுள்ள, நம்மோடு அங்காடியில் ஓடியாடித் திரியும் வியாபாரிகளும் அங்கே இருக்கின்றனர். உடம்பின் கனமும் கால் மூட்டின் பிடிப்பும் தொழுகையை எவ்விதம் பாதிக்கின்றன, அதில் மார்க்கம் கொடுத்திருக்கும் சலுகை எதுவரை, நம் கையில் இருப்பது எவ்வளவு என்பதை இங்கே பார்ப்போம். நாம் ஆலிமும் அல்ல, டாக்டரும் அல்ல. ஆலிம்களிடம் கேட்டதையும் டாக்டர்கள் சொல்வதையும் கடைக்காரர் பேரேட்டில் பற்று வரவு எழுதுவது போல எழுதுகிறோம்.

முதலில் இருப்பின் வகைகளை ஞாபகப்படுத்திக் கொள்வோம். இடது பாதத்தைப் படுக்கவைத்து அதன்மேல் அமர்ந்து, வலது பாதத்தை நட்டு, அதன் விரல்களைக் கிப்லாவை நோக்கி வளைப்பது ஒரு வகை. இதற்கு இப்திராஷ் என்று பெயர். இடது பாதத்தை வலது காலின் அடியாக வெளியே நீட்டிவிட்டு, இடப்புறப் பிட்டத்தைத் தரையிலேயே வைத்து உட்கார்வது மற்றொரு வகை. இதற்குத் தவர்ருக் என்று பெயர். ஷாபிஈ மத்ஹபில் நடு இருப்புக்கும் இரண்டு ஸுஜூதுக்கு இடைப்பட்ட இருப்புக்கும் இப்திராஷ், ஸலாம் கொடுக்கும் கடைசி இருப்புக்குத் தவர்ருக். ஹனபி மத்ஹபில் ஆண்களுக்கு எல்லா இருப்பிலும் இப்திராஷே, பெண்களுக்குத் தவர்ருக். காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் மலாய்ச் சகோதரர்களும் ஷாபிஈ, ராவுத்தர் மக்கள் ஹனபி. எல்லோரும் இவ்வூர்ப் பள்ளிகளில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். கடைசி இருப்பில் பக்கத்தில் இருப்பவரின் கால் நம் பக்கம் வந்தால் முகம் சுளிப்பவர்கள் இதனைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் இடத்தை அபகரிக்கவில்லை; அவருடைய மத்ஹபின்படி உட்காருகிறார்.

இந்த இரண்டு இருப்பும் காலிடம் கேட்கும் கூலி ஒன்றல்ல. சமதரையில் நடப்பதற்கு முழங்கால் 60, 70 பாகை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழுவதற்கு 90 பாகைக்குச் சற்று மேலே மடங்க வேண்டும். குதிகாலோடு தொடை ஒட்ட உட்கார்வதற்கோ ஏறத்தாழ 150 பாகை வேண்டும். ஆகவே நாள் முழுவதும் நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து எழும் மனிதனுடைய முழங்கால், தொழுகைக்கு வேண்டிய கடைசி 50 பாகையைத் தொழுகையில் தவிர வேறெங்கும் உபயோகிப்பதே இல்லை. தொழுகையையும் நாற்காலிக்கு மாற்றிவிட்டால் அந்தக் கடைசிப் பகுதிக்கு வேலையே இல்லாமல் போகிறது. திறக்காத கதவின் கீல் துருப்பிடிப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

முழங்காலோடு முடியவில்லை. இப்திராஷில் இடது கணுக்கால் முழுதும் கீழ்நோக்கி நீண்டு, புறங்கால் தரையில் படிய வேண்டும். வலது பாதத்தில் பெருவிரலின் அடிமூட்டு மேல்நோக்கி நன்றாக வளைய வேண்டும். யூரிக் அமிலத்தால் பெருவிரல் வீங்கியவருக்கு அத்தஹிய்யாத்து எவ்வளவு நீளமானது என்று கேட்டால் சொல்லுவார். இப்திராஷில் மேலுடம்பின் பாரம் பெரும்பாலும் இடது பாதத்தின்மேல் இறங்குகிறது. நெடுங்காலம் தொழுதவர்களின் இடது கணுக்காலின் வெளிப்பக்கம் காய்ப்புக் காய்த்திருப்பது இதனால்தான். தவர்ருக்கில் பாரம் தரையில் இறங்கிவிடுகிறது; மடங்கிய முழங்காலை மேலிருந்து நசுக்குவது குறைவு. ஆனால் இடுப்பு திரும்ப வேண்டும், இடம் சற்று அதிகம் வேண்டும், தொந்தி பெருத்தவருக்கு அதுவும் லேசல்ல.

இனி ஒரு கணக்கு. பர்ளு மட்டும் நாளொன்றுக்கு 17 ரகஅத். அதில் ஸுஜூது 34. இரண்டு ஸுஜூதுக்கிடையில் 17 முறை உட்காருகிறோம். அத்தஹிய்யாத்துக்காக 9 முறை. தரையிலிருந்து நிலைக்கு எழுவது, தொழுகை முடிந்து பாயை விட்டு எழுவதையும் சேர்த்து 17 தடவை. ஸுன்னத்துகளை இதில் சேர்க்கவில்லை. ரமலானில் தராவீஹ் 20 ரகஅத் தொழுதால் அதற்கு மட்டும் 40 ஸுஜூது. எந்த முதலாளியும் தம்மிடம் வேலை செய்யும் ஆளின் முதுகில் வேண்டாத மூட்டையை ஏற்றிவிட்டு இத்தனை முறை உட்கார்ந்து எழு என்று சொல்லமாட்டார். நம் முழங்காலிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஏனெனில் மூட்டின் கணக்கு கடைத் தராசின் கணக்கல்ல. தராசில் ஒரு கிலோ ஒரு கிலோதான். மூட்டுத் தேய்மானமும் அதிக எடையும் உள்ள முதியோரை நடக்கவைத்து அளந்து 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உடம்பில் ஒரு பங்கு எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் பாரம் நான்கு பங்கு குறைவதாகக் கண்டார்கள். அதாவது 10 கிலோ அரிசி மூட்டை ஒன்றின் அளவுக்கு உடம்பு அதிகமாக இருந்தால், முழங்காலுக்கு அது ஒவ்வோர் அடியிலும் 40 கிலோ. தரையிலிருந்து எழும்போது முழங்கால் அதிகம் மடங்கிய நிலையில் உடம்பு முழுவதையும் தூக்குவதால் அதன் சிரமம் நடப்பதைவிடக் கூடுதல். அதுவுமன்றி, கனத்த உடம்பில் தொடைச் சதையும் கெண்டைச் சதையும் முன்னதாகவே முட்டிக்கொள்ளும். எலும்பில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் கால் மடங்காது. 'முட்டி மடங்கவில்லை' என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினருக்கு முட்டி மடங்கத் தயாராகவே இருக்கிறது, சதைதான் வழிவிடவில்லை.

எடை எவ்வளவு இருந்தால் அதிகம்? கிலோக் கணக்கிலான எடையை, மீட்டர்க் கணக்கிலான உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு 23 வந்தாலே எச்சரிக்கை, 27.5 வந்தால் அபாயம் என்று சிங்கப்பூரில் வைத்திருக்கிறார்கள். ஐந்தடி ஐந்தங்குலம் உயரமுள்ள ஒருவருக்கு முதல் எல்லை ஏறத்தாழ 63 கிலோ, இரண்டாவது 75 கிலோ. மலேசிய சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 50.1 சதவிகிதத்தினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் என்று தெரிந்தது. இரண்டில் ஒருவர். ஸஃப்பில் நமக்கு வலப்புறம் இருப்பவர் இல்லையென்றால் நாம்தான்.

வியாபாரிகளுக்கு இது வந்த வழியும் மறைவானதல்ல. நமது பாட்டனார் காலத்துக் கடைகளில் முதலாளி பலகைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். கல்லாப்பெட்டி மடிக்கு முன்னால் இருக்கும். சாப்பாடு தரையில், மலசலம் குந்தி, தூக்கம் பாயில். நாளொன்றுக்கு எத்தனை முறை தரைக்கும் நிலைக்கும் போய் வந்தார் என்பதற்குக் கணக்கே இல்லை. இன்று கல்லாவுக்கு உயர்ந்த ஸ்டூல், வீட்டில் சோபா, மேசையில் சாப்பாடு, கழிவறையிலும் உட்காரும் பீங்கான். தரையோடு நமக்கு மிஞ்சியிருக்கும் உறவு தொழுகை ஒன்றுதான். அதற்குமேல் டின்பால் கலந்த தேத்தண்ணீர் ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ். வந்த வாடிக்கைக்காரருக்குச் சொல்லும்போது நமக்கும் ஒன்று. இரவு பத்து மணிக்குக் கடை அடைத்து, பதினொரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் தின்று, பன்னிரண்டு மணிக்குப் படுக்கை. வாரம் தவறாமல் ஒரு கல்யாண விருந்தோ கந்தூரியோ. நெய்ச்சோற்றைக் குறைசொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் அது போகும் இடம் தொடையும் தொந்தியும் என்பதை மறுக்கவும் முடியாது. வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு தண்ணீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிக்கொடுத்ததைத் திர்மிதியில் காண்கிறோம். இந்தக் காலத்து விருந்தில் மூச்சுக்குரிய பங்கும் பிரியாணிக்கே போய்விடுகிறது.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். இதுதான் விஷயத்தின் முதுகெலும்பு.

எது பர்ளு, எது ஸுன்னத்து என்று பிரித்துப் பார்க்காததனால்தான் பலர் நாற்காலிக்குப் போகிறார்கள். கடைசி இருப்பில் உட்கார்வது இரண்டு மத்ஹபிலும் பர்ளு. எப்படி உட்கார்வது என்பது ஸுன்னத்து. இப்திராஷ் வரவில்லையென்றால் தவர்ருக். அதுவும் வரவில்லையென்றால் சம்மணமிட்டு. அதுவும் ஆகாதென்றால் காலை நீட்டிக்கொண்டு. காரணமின்றிச் சம்மணமிடுவது ஹனபி மத்ஹபில் மக்ரூஹ். காரணம் இருந்தால் அந்தக் குறையும் இல்லை.

இதற்கு ஸஹீஹுல் புகாரியில் தெளிவான ஒரு சம்பவம் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் தொழுகையில் சம்மணமிட்டு உட்கார்வதை அவர்களுடைய மகனார் பார்த்துத் தாமும் அப்படியே உட்கார்ந்தார். அப்போது அவர் இளவயதினர். தந்தையார் அதைத் தடுத்து, வலது பாதத்தை நட்டு இடது பாதத்தை மடிப்பதே தொழுகையின் ஸுன்னத்து என்று சொன்னார்கள். நீங்கள் மட்டும் இப்படி உட்காருகிறீர்களே என்று மகன் கேட்டார். தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்று தந்தையார் பதில் சொன்னார்கள். ஸுன்னத்தைப் பின்பற்றுவதில் இப்னு உமரை (ரலி) மிஞ்சியவர் அரிது என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் கால் தாங்காதபோது சம்மணமிட்டார். கால் தாங்கும் மகனுக்கு அதனை அனுமதிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். நாமோ தந்தையார் தமக்கு எடுத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு, மகனுக்குச் சொன்னதை மறந்துவிடுகிறோம்.

உடல் கனத்தலைப் பற்றியும் ஹதீஸில் பேச்சு உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் உடல் கனத்தபோது இரவின் நபில் தொழுகையைப் பெரும்பாலும் உட்கார்ந்தே தொழுதார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அங்கு வரும் அரபுச் சொல்லுக்கு வயது முதிர்ந்தது என்றும் உடம்பில் சதை வைத்தது என்றும் அறிஞர்கள் இருவிதமாகப் பொருள் கூறுகின்றனர். உட்கார்ந்து ஓதிக்கொண்டே வந்து, முப்பது நாற்பது ஆயத்துகள் மீதியிருக்கும்போது எழுந்து நின்று ஓதி, பிறகு ருகூஉ செய்வார்கள் என்றும் அதே அன்னையார் சொல்லியிருக்கிறார்கள். முடிந்த பகுதியை விடவில்லை என்பதைக் கவனிக்க. ஹஜ்ஜின்போது ஸவ்தா நாயகி (ரலி) அவர்கள் கனத்த உடம்பும் மெதுவான நடையும் உள்ளவர்களாக இருந்ததால், கூட்டம் கிளம்புமுன் முஸ்தலிபாவை விட்டுப் போக அனுமதி கேட்டார்கள், கொடுக்கப்பட்டது. கனத்த உடம்பை மார்க்கம் கேலி செய்யவில்லை. நாமும் பள்ளியில் பருத்தவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மூலநோய் உடைய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) கேட்டபோது, நின்று தொழவும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறமாகச் சாய்ந்தும் தொழ உத்தரவு வந்தது. அதில் 'இயலாவிட்டால்' என்பதுதான் பூட்டின் சாவி.

சில மாதங்களுக்கு முன் நம் கடைக்குப் பக்கத்தில் ஜவுளி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், தொழுகைக்கு நாற்காலி எடுக்க ஆரம்பித்தார். நாள் முழுக்க ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து துணிக்கட்டு இறக்குகிறவர்.

"நானா, காலுக்கு என்ன?" என்று விசாரித்தோம்.

"இருப்புல உட்கார முடியல தம்பி. பெருவிரல் வளையல, முட்டி இழுக்குது. அதான் நாற்காலி."

"ஸுஜூது செய்ய முடியுதா?"

"அது முடியும். நெத்தி தரையில படும். உட்காரத்தான் முடியல."

அவரை ஹழ்ரத் அவர்களிடம் அழைத்துப் போனோம். ஹழ்ரத் கேட்ட கேள்வி ஒன்றே. "பாவா, ஒரு ஸுன்னத்து வரலேன்னு ரெண்டு பர்ளை விட்டுட்டீங்களே, இது எந்த ஊர் வியாபாரம்?" பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வியாபாரி அல்லவா, கணக்கு உடனே புரிந்தது.

விஷயம் இதுதான். நாற்காலியில் அமர்ந்து குனிந்து ஜாடையாகச் செய்யும் ஸுஜூது, நெற்றியைத் தரையில் வைக்க இயலாதவருக்கு மட்டுமே ஸுஜூதாகும். நெற்றி, இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் ஆகிய ஏழு உறுப்புகளின்மேல் ஸுஜூது செய்ய ஏவப்பட்டிருக்கிறோம். ஷாபிஈ மத்ஹபில் நெற்றிக்கு அடியில் பஞ்சை வைத்தால் அது அழுந்தும் அளவுக்குத் தலையின் பாரம் இறங்க வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். இதைச் செய்ய இயலும் ஒருவர் பர்ளுத் தொழுகையில் நாற்காலியில் ஜாடை செய்தால் தொழுகையே கூடாது என்பது உலமாக்களின் தீர்ப்பு. இயலாமை என்றால் லேசான அசௌகரியம் அல்ல. கடுமையான வலி, நோய் கூடும் அல்லது குணமாவது தாமதமாகும் என்ற பயம், தொழுகையின் கவனத்தையே பறிக்கும் கஷ்டம், இவைதாம்.

தரையில் நெற்றி வைக்க இயலும், ஆனால் ஒவ்வொரு ரகஅத்துக்கும் எழுந்து நிற்க இயலாது என்பவர், முதல் ரகஅத்தை நின்று தொழுது, ஸுஜூதுக்குப் போன பிறகு எழ முடியாவிட்டால் மீதியைத் தரையில் உட்கார்ந்தபடி தொழலாம். ருகூஉவுக்குக் குனிவார், ஸுஜூதை முழுமையாகச் செய்வார். நிற்க இயலும், தரையில் ஸுஜூது செய்யவே இயலாது என்பவர் விஷயத்தில் மத்ஹபுகள் பிரிகின்றன. ஷாபிஈயில் நிலை அவர்மேல் பர்ளாகவே இருக்கிறது. நிற்க வேண்டிய இடத்தில் நின்று, ஸுஜூதுக்கு மட்டும் நாற்காலியில் அமர்ந்து இயன்ற அளவு குனிவார். ஹனபியில் ஸுஜூது இயலாதவருக்கு நிலையும் கடமையிலிருந்து நீங்கிவிடுகிறது. அவர் உட்கார்ந்து ஜாடையாகத் தொழுவதே மேல் என்கிறார்கள். ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் செய்யாமல், அவரவர் தம் மத்ஹபின் ஆலிமிடம் தம் காலின் நிலையைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. ஜாடை செய்பவர் ஸுஜூதுக்கு ருகூஉவைவிடச் சற்றுக் கூடுதலாகக் குனிய வேண்டும். முன்னால் மேசையோ தலையணையோ வைத்து நெற்றியை முட்ட வேண்டிய அவசியமில்லை.

ஜவுளிக்கடை நானாவுக்கு ஹழ்ரத் காட்டிக்கொடுத்த சில வழிகளையும், டாக்டர்கள் சொல்லும் சிலவற்றையும் எழுதுகிறோம். ஸுஜூதில் உடம்பைச் சற்று நீட்டி வைத்தால் முழங்கால் 90 பாகை அளவில் நின்றுவிடும். தொடைக்கும் வயிற்றுக்கும் இடைவெளியும் கிடைக்கும், அது ஆண்களுக்கு ஸுன்னத்தாகவும் இருக்கிறது. குதிகாலில் அமர முடியாதவரும் இப்படி ஸுஜூது செய்துவிடலாம். இருப்புக்கு வரும்போது முழுப் பாரத்தையும் குதிகாலில் இறக்காமல், இரு கால்களையும் வலப்புறம் தள்ளித் தரையில் பிட்டத்தை வைத்தால் முழங்காலுக்கு இதம். எழும்போது கைகளைத் தரையில் ஊன்றி எழுவது ஷாபிஈயில் ஸுன்னத்தே. ஹனபியில் ஊன்றாமல் எழுவது ஸுன்னத்து, காரணம் இருந்தால் ஊன்றுவதில் குற்றமில்லை. கை ஊன்றினால் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைத் தோள் வாங்கிக்கொள்கிறது. வீட்டில் மெல்லிய முஸல்லாவின் கீழே தடித்த ஜமுக்காளம் ஒன்றை மடித்துப் போட்டால் முழங்கால் சிப்பிக்கு வலி குறையும்.

காலைப் பழக்குவதற்கும் வழி உண்டு. மூட்டிலுள்ள குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது உள்ளே ஊறும் வழவழப்பான நீரிலிருந்துதான் அதற்கு ஆகாரம் கிடைக்கிறது. ஆகவே வலிக்கிறதென்று முழுவதும் ஓய்வு கொடுப்பது காலைப் பட்டினி போடுவதாகும். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக முன்னால் நீட்டி, தொடைச் சதையை இறுக்கி, பத்து எண்ணும்வரை வைத்து இறக்குக. இரண்டு காலுக்கும் மாறி மாறிப் பத்து முறை, நாளில் இருவேளை. தொடையின் முன்சதை பலப்பட்டால் முழங்காலின் சுமையை அது தாங்கும். பாதத்தை மேலும் கீழும் அசைப்பதைக் கல்லாவில் இருந்தபடியே செய்யலாம், வாடிக்கைக்காரருக்குத் தெரியாது. இரவில் மெத்தென்ற இடத்தில் மண்டியிட்டு, குதிகாலுக்கும் தொடைக்கும் நடுவில் தலையணை வைத்து, வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நின்று, அரை நிமிடம் உட்கார்ந்து எழுக. சில வாரங்களில் தலையணையின் உயரத்தைச் சிறுகச் சிறுகக் குறைக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே நாளில் மடக்கப் பார்ப்பது மூடத்தனம்.

முழங்கால் வீங்கினாலும், சூடாகச் சிவந்தாலும், நடுவில் சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலும், நடக்கையில் திடீரென மடிந்து விட்டாலும் இந்த அப்பியாசங்களை நிறுத்திவிட்டுப் பாலிகிளினிக்கோ அரசாங்க கிளினிக்கோ சென்று காட்ட வேண்டும். தைலக்காரரிடம் போவது பிறகு இருக்கட்டும். செயற்கை மூட்டு வைத்துக்கொண்டவர்களுக்குப் பொதுவாக 110, 120 பாகை வரைதான் மடங்கும். அவர்கள் குதிகால்மேல் உட்கார முயலக் கூடாது. எதுவரை மடக்கலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரே சொல்வார்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். சிங்கப்பூர் அரசாங்கம் 2016-இல் இந்த வியாதியின்மேல் போர்ப் பிரகடனமே செய்தது. இது மூட்டுகளையும் விறைக்கச் செய்யும். பாதத்தின் உணர்ச்சியையும் கெடுக்கும். உணர்ச்சி கெட்ட பாதத்தில் இருப்பின் பாரம் அழுத்தினால், இடது கணுக்காலின் காய்ப்பு வெடித்துப் புண்ணாகும்வரை தெரியாது. உளூச் செய்யும்போது விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுகிறோமே, அப்போதே கணுக்காலையும் பாதத்தின் அடியையும் கையால் தடவிக் கண்ணாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு ஐந்து முறை இலவசப் பரிசோதனை.

எடை விஷயத்தில் நமக்கு நாமே கெடு விதித்துக்கொள்ளலாம். 80 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் நாலு கிலோ இறக்கினால் போதும், முழங்கால் உடனே நன்றி சொல்லும். மேலே எழுதிய கணக்குப்படி ஓரடிக்குப் பதினாறு கிலோ சுமை குறைகிறது. தேத்தண்ணீரில் டின்பாலை நிறுத்துவது, இரவுச் சாப்பாட்டை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கடையிலேயே முடித்துக்கொள்வது, பள்ளிக்கு நடந்து போவது. இந்த மூன்றும் செலவில்லாதவை. சொல்லப்போனால் மிச்சம்.

ஜவுளிக்கடை நானா இப்போது தரையில்தான் தொழுகிறார். இப்திராஷ் இன்னும் வரவில்லை, சம்மணமிட்டே இருக்கிறார். ஏணியில் மட்டும் பையனை ஏற்றுகிறார்.

உண்மையாகவே நாற்காலி தேவைப்படுவோருக்கும், அவர்களுக்குப் பக்கத்தில் நிற்போருக்கும் ஒரு விவரம். தொழுகை முழுவதும் அமர்ந்தே இருப்பவர், தம் உடம்பு மற்றவர்களின் வரிசைக்கு நேராக வரும்படி நாற்காலியின் பின்கால்களை ஸஃப்பின் கோட்டில் வைக்க வேண்டும். நின்று தொழுது ஸுஜூதுக்கு மட்டும் அமர்பவர், நிற்கும்போது தம் பாதங்கள் ஸஃப்பின் கோட்டில் வருமாறு நிற்க வேண்டும். அப்போது நாற்காலி பின்னுக்குத் தள்ளியிருக்கும், பின்வரிசைக்காரரின் ஸுஜூது இடத்தை அடைக்கும். ஆகையால் அப்படித் தொழுபவர் ஸஃப்பின் ஓரத்தையோ கடைசி ஸஃப்பையோ தேர்ந்துகொண்டால், பின்னால் இருப்பவரின் நெற்றிக்கு இடம் கிடைக்கும்.